கண்ணுக்கு அளவெடுத்தல்

என் வீட்டுக்காரருக்குத் தன் முகத்தின்மேல் இருக்கிற பாசத்தில் கால்வாசி என்மேல் இருந்திருந்தால் நான் மகாராணி. கோட்டு சூட்டு விற்கிற பெரிய கடையில் வாடிக்கையாளர்களுக்கு அளவெடுப்பது அவர் வேலை. கடையின் முன்பகுதியில், நிலைக்கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பவர். முகம் களையாக இருப்பதால்தான் முதலாளி தன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மூக்குக்கண்ணாடியோடு பார்த்துவிட்டால் உள்ளே தையல் அறைக்குத் தள்ளிவிடுவாராம். ஆனால் கண்ணாடி இல்லாமல் டேப்பில் இருக்கிற எண் தெரியாது. போட்டாலோ கண் இரண்டும் பெரிதாகி, முழிக்கிற முழி பார்க்கச் சகிக்காது. அதனால் பன்னிரண்டு வருடமாகக் கடைக்குக் கான்டாக்ட் லென்ஸ்தான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு அந்த முழியை எனக்குக் காட்டுவார். நான் என்ன, முதலாளியா?

லென்ஸ் உறுத்த ஆரம்பித்ததும் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினார். அங்கே லேசர் ஒளியால் கருவிழியின் ஓரத்தில் வட்டமாகப் புள்ளி புள்ளியாகச் சூடு வைப்பார்களாம். பிளாஸ்டிக் கவரில் சூடு பட்டால் சுருங்குமே, அதுபோல ஓரம் சுருங்கி நடுப்பகுதி மேடாகும், பார்வை சரியாகும். அதற்கு முன்னால் கருவிழியின் வடிவத்தை அளக்க வேண்டும். லென்ஸ் கண்ணை அழுத்தி வடிவத்தைக் கெடுத்து வைத்திருக்கும் என்பதால், இரண்டு வாரம் வெறும் கண்ணாடியோடு இருந்துவிட்டு வரச் சொன்னார்கள்.

இருந்தாரா? மன்மதர் எப்படி இருப்பார்? தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸை மாட்டிக்கொண்டுதான் போனார். கேட்டதற்கு, சாயந்திரம் கழற்றிவிடுகிறேனே, கண் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எனக்கே பாடம் எடுத்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அளக்கிற அன்று நானும் கூடப் போனேன். இருட்டறையில் கருவியின்மேல் தாடையை வைத்து அவர் உட்கார, திரையில் கண்ணின் படம் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது. அளவெடுத்த பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். மறுபடி எடுத்தாள். லென்ஸ் போடவே இல்லையா சார் என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றார், கூசாமல். பொய் சொல்லும்போதும் தலைமுடியைக் கோதிக்கொண்ட லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படியென்றால் இந்த அளவையே டாக்டருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றாள் அவள்.

ஆயிரம் திட்டுவேன், ஆனாலும் அது அவர் கண். தப்பான அளவில் சூடு வைத்தால் பிறகு எந்தக் கண்ணாடி போட்டும் பார்வை தெளியாமல் போகலாம் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். வெளியாள் முன்னால் அவரை விட்டுக்கொடுத்தால் வீட்டில் ஒரு மாதம் பேச்சு இருக்காது. அந்த நிம்மதியும் எனக்குப் பழக்கம்தான்.

"வயித்த எக்கிக்கிட்டு அளவு குடுத்திருக்காரும்மா," என்றேன். "நேத்து வரைக்கும் லென்ஸ் போட்டாரு."

அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்கு முழுசாகப் புரிந்தது. தொப்பையை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிற ஆட்களைப் பற்றித் தினமும் வீட்டில் வந்து கேலி பேசுகிறவர் அல்லவா? கோட்டு வந்ததும் பொத்தான் தெறிக்கும், பழி நம்மேல் விழும் என்பார். கருவியிலிருந்து தாடையை எடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மறுபடி இரண்டு வாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் உம்மென்று வந்தார். மறுநாள் வேறு வழியில்லாமல் கண்ணாடியோடு கடைக்குப் போனார், தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி. சாயந்திரம் வரட்டும், வாய் நிறையச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி பார்த்தாரா என்று கேட்டேன்.

"பாத்தாரு. கண்ணாடி மாத்திட்டீங்களா, பழசே நல்லா இருந்துச்சேன்னாரு."

பழசு எது? இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் இவர் ஒரு நாள்கூடக் கண்ணாடி போட்டதில்லை. அந்த ஆளுக்காகத்தான் கண்ணைச் சுட்டுக்கொள்ளக் கிளம்பியிருந்தார். சேர்த்து வைத்திருந்த சிரிப்பு எனக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் ஆத்திரத்தில். இந்த முகத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. பார்க்காமலே இருக்க அந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது?

"மொதல்ல அந்தாளு கண்ணுலதாங்க சூடு வைக்கணும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.