ஒரு மூலை

"அந்த க்யூபை முடிச்சு அண்ணன் கையில வைங்க. நாலு பேர் பாக்கறாங்க" என்று கூடத்தின் நடுவில் நின்று உத்தரவிட்டார் கொழுந்தனார். வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்றும் மேற்பார்வையை விடவில்லை. "எடுத்த காரியத்த அவர் பாதியில விட்டதே இல்ல."

விட்டிருக்கிறார் என்பது அந்த அண்ணனின் மனைவிக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் வாங்கிய அந்த ரூபிக்ஸ் க்யூபை அவள் கணவர் ஒரு இலாகா மாதிரி நடத்தினார். முதலில் வெள்ளைப் பக்கம், பிறகு நடு அடுக்கு, கடைசியில் மேலடுக்கு. டீ கொண்டுபோனால், "ஆய்வில இருக்கேன்" என்பார். கற்றுத் தேறியபின் வீட்டுக்கு வந்த எவரும் அதைப் பார்க்காமல் தப்பியதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக எத்தனை முறை முடித்தாலும் ஒரு மூலை மட்டும் நிறம் மாறி நின்றது. கலைத்துப் போட்டால் மறுபடி அதே மூலை.

"எனக்கு மூளை மழுங்கிடுச்சாடி?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது என்னைக்குக் கூரா இருந்துச்சு?" என்றாள், வெங்காயம் உரித்தபடியே.

அவர் சிரிக்கவில்லை. அப்புறம் விருந்தாளிகள் முன் க்யூபை எடுக்கவும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அதை மடியில் வைத்தபடியே நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மகள் க்யூபை நாலு திருப்புத் திருப்பிப் பார்த்து, பழையபடியே கொண்டுவந்து நிறுத்தினாள். "அம்மா, இது முடியவே முடியாது. ஒரு மூலை மட்டும் தனியா இப்படித் திரும்பி நிக்காது. கழண்டு விழுந்தத யாரோ தப்பா மாட்டியிருக்காங்க."

கொஞ்ச நாள் முன்பு அம்மா அலமாரி துடைக்கும்போது அது கீழே விழுந்து ஒரு துண்டு தெறித்திருந்தது. சொன்னால் அரைமணி நேரப் பிரசங்கம் கேட்க வேண்டும். அவள் அதை அமுக்கி மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டிருந்தாள்.

"அப்போ உங்கப்பா..."

"அப்பா சரியாத்தாம்மா போட்டிருக்காரு. அந்த மூலையைப் பிடிச்சு முறுக்கினாப் போதும்."

அம்மா வாங்கி முறுக்கினாள். 'கடக்' என்றது. ஆறு பக்கமும் ஆறு நிறம்.

"பாத்தீங்களா! முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு!" கொழுந்தனார் க்யூபைப் பிடுங்கிக் கூடம் முழுக்கக் காட்டினார். நாற்காலிகள் தலையாட்டின. யாரோ கை தட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் கைநீட்டி க்யூபைத் திரும்ப வாங்கினாள். மேலடுக்கை மட்டும் ஒரு திருப்புத் திருப்பினாள்.

"ஐயோ அண்ணி, கலைச்சிட்டீங்களே!"

"இருக்கட்டும் தம்பி. சும்மா இருக்க அவருக்குப் பிடிக்காது."

கணவரின் கையில் அதை வைத்து, கட்டைவிரலை மடக்கி மேலடுக்கின் ஓரத்தில் பொருத்தினாள். விரல் நழுவியது. மறுபடி பொருத்தினாள்.