அயோடின் அசைடும் அய்யாக்கண்ணுவும்

உலக ரசாயன வரலாற்றில் புதுக்கோட்டையின் பெயர் பொன்னெழுத்தில் பொறிக்கப்படும் ஆண்டு 1957. அப்படித்தான் பேராசிரியர் ராமசுப்பிரமணியன் கரும்பலகையில் எழுதியிருந்தார். சாக்பீஸைத் தேடிக் கொடுத்தவர் லேப் அட்டெண்டர் அய்யாக்கண்ணு. சிந்திப்பது தன் வேலை, பாட்டிலைத் தொடுவது அட்டெண்டர் வேலை என்பது பேராசிரியரின் கொள்கை.

குப்பியில் இருந்தது அயோடின் அசைடு. கரைசலாக இருக்கும்வரை ஏதோ அடங்கிக் கிடக்கும். உலர்ந்துவிட்டால் இறகு பட்டாலும் வெடிக்கும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு அதை வெடித்துக் காட்டிவிட்டால் துறைத் தலைவர் நாற்காலி தனக்குத்தான் என்று பேராசிரியர் கணக்குப் போட்டிருந்தார்.

"தட்டுல ஊத்தி ஒணத்திக் கொண்டாய்யா."

"மாட்டேங்க."

"என்னது?"

"கரைசலாக் கேளுங்க, தலையில வச்சுக் கொண்டாரேன். ஒணந்ததைத் தொட மாட்டேன்." நார்த்தாமலைப் பாறைக்கு வெடி வைத்த காலத்தில் வலது கையில் மிஞ்சிய மூன்று விரல்களை விரித்துக் காட்டினார். "இந்த மூணும் வேணுங்க."

மறுநாள் மெமோ வந்தது: ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது? அதன் அடியிலேயே அய்யாக்கண்ணு பதில் எழுதினார்: 'உலர்த்தச் சொன்னவர் உலர்த்தட்டும். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.'

"வேலை போயிருச்சுன்னா?" என்றாள் மனைவி சொர்ணம்.

"கை இருக்குல்ல."

வெள்ளிக்கிழமை வந்தது. மேசையில் குப்பி, பக்கத்தில் காலித் தட்டு. விஞ்ஞானிக்கு அச்சம் ஆகாது என்று பேராசிரியர் முக்கால் மணி நேரம் முழங்கினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்பங்க வெடிக்கும்?"

"ஊத்தி ஒணத்தினா வெடிக்குங்க," என்றார் அய்யாக்கண்ணு. "ஐயாதான் குப்பியவே தொட மாட்டேங்குறாரு."

"நீங்க செய்றதுதானே?"

"முடியாதுன்னு எழுதி வச்சிருக்கேங்க." மெமோவை நீட்டினார்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "இவர் எழுதினது சரிதான். சார், நீங்களே ஊத்துங்க."

பேராசிரியர் கோட்டைச் சரிசெய்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கை குப்பியின் மூடியை நெருங்கிய நேரத்தில், அதிகாரிக்கு வாங்கிவந்த சோடாவின் கோலியைப் பியூன் பிச்சை அழுத்தினார்.

டப்!

பேராசிரியரைக் காணவில்லை. மேசைக்கு அடியில், காதைப் பொத்தியபடி இருந்தார். மூன்று விரல் கைதான் அவரை வெளியே இழுத்தது. குப்பி மூடியது மூடியபடி இருந்தது.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மெமோவின் குறுக்கே 'ரத்து' என்று எழுதினார்.

பேராசிரியரின் கால்சட்டை நனைந்திருந்தது. சோடா அங்கிட்டுத் தெறிக்கவில்லை.