நாற்பது இன்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டாப்ஸைப் போட்டுப் பார்த்தேன். தலை நுழைந்தது. கைகள் நுழைந்தன. கண்ணாடி முன் நின்று முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியதும் முதுகில் துணி இறுகியது. வலது அக்குளில் நாலைந்து தையல் படபடவென்று விட்டது.

கட்டிலில் படுத்திருந்த தங்கை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சத்தம்க்கா?"

"ஒண்ணுமில்ல."

"கிழிஞ்சுதா?"

"பிரிஞ்சுது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பிரிஞ்சா திரும்பத் தைக்கலாம்."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எனக்கு நேர்காணல். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை பார்க்கிறேன். நிரந்தரமாக்க இருப்பது ஒரே ஓர் இடம். இதை விட்டால் என்னிடம் இருப்பவை நான்கு டாப்ஸ். நான்கிலும் சில்வர் நைட்ரேட் தெறித்த பழுப்புப் புள்ளிகள். எந்தச் சோப்புக்கும் அவை அசைவதில்லை. மேலே கோட்டு போட்டும் எப்படித் தெறிக்கிறது என்று அம்மா கேட்பாள். ஒரு நாளைக்கு அறுபது பாட்டில் தண்ணீர். ஐம்பதைத் தாண்டினால் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். நான் சும்மா பக்கத்தில் நிற்பேன்.

ரெடிமேடில் என் உடம்புக்குப் பொருந்தினால் தோள் முழங்கையில் தொங்கும். டெய்லரிடம் போயிருக்கலாம். நல்ல மனிதர், தையலும் சுத்தம். ஆனால் அளவு எடுத்தபடியே அவர் எண்களை உரக்கச் சொல்வார். கடையின் அந்தக் கோடியில் அவர் மனைவி நோட்டில் எழுதுவார். நடுவில் மூன்று மெஷின்கள் ஓடும். அவற்றை மீறிக் கேட்க வேண்டாமா? போன வருடம் தைராய்டு வந்து நான் உப்பிப்போயிருந்த நேரம்.

"மார்பு நாற்பத்தொண்ணு!" என்றார். பழைய பக்கத்தைப் புரட்டிய மனைவி, "போன தடவை முப்பத்தாறு!" என்று பதிலுக்குக் கத்தினார். பெஞ்சில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஆய்வுக்கூடத்து ஸ்டோர் கீப்பர். "அதனாலென்னம்மா, கால் மீட்டர் துணி கூட எடுத்தா போச்சு" என்று டெய்லர் ஆறுதல் சொன்னார். அதையும் உரக்கத்தான் சொன்னார்.

அதன்பின் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

அதனால் நானே தைப்பது என்று முடிவெடுத்தேன். அம்மாவின் மெஷின் இருந்தது, டேப் இருந்தது. போனில் வீடியோக்கள் இருந்தன. குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு மூன்று தடவை அளந்தேன். முப்பத்தொன்பதே முக்கால், நாற்பது, நாற்பதே கால். சராசரி நாற்பது. படித்த படிப்பு வீணாகவில்லை. போன வருடத்தைவிட ஓர் இன்ச் குறைந்திருந்தேன். அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

உடம்புக்கு மேல் தளர்வு இரண்டு இன்ச் என்று வீடியோவில் சொன்னார்கள். துணியில் கோடு போட மட்டும் டேப்பை நான் நம்பவில்லை. அது நெளிந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து கையெழுத்துப் போட்டு ஒரு மீட்டர் இரும்பு அளவுகோலை வாங்கி வந்தேன். மூன்று வாரம் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு கையை உள்வெளியாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழுப் பக்கத்தையும் வெறும் ஊசியால் குத்தினேன். கழுத்து வளைவு நான்காவது தடவையில் படிந்தது.

இப்போது அக்குள் விட்டுவிட்டது.

"டெய்லர் கடை ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும். குடுத்தா சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடுவார்" என்றாள் தங்கை.

"அளவு எடுப்பார்."

"பின்ன, உன் மூஞ்சியைப் பார்த்தா தைப்பார்?"

அவள் போனைக் கீழே வைத்தாள்.

டாப்ஸைக் கழற்றித் தரையில் விரித்து இரும்புக்கோலால் அளந்தேன். சுற்றளவு நாற்பத்திரண்டு. கோடு பிசகவில்லை. துணி சரி, தையல் சரி. மிச்சம் ஒன்றுதான். டேப்பை இரும்புக்கோலின் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். இரும்பு முப்பத்தொன்பது காட்டிய இடத்தில் டேப் முப்பத்தேழரை காட்டியது.

இழுத்து இழுத்து நீண்டுபோன டேப். அது சொன்ன நாற்பது, உண்மையில் நாற்பத்தொன்றரை. தளர்வுக்கு விட்டதில் அரை இன்ச்தான் பாக்கி. வேலையில் எந்தக் கருவியையும் சரிபார்க்காமல் தொடமாட்டேன். இதைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை. அது சொன்ன எண் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரம் அம்மா வந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு அதிகாலை ஷிப்ட். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். நான் டேப்பைக் காட்டினேன்.

"அதுக்கு என்ன? முப்பது வருஷமா அதுலதான் ஜன்னல் திரை தைக்கிறேன். ஒண்ணாவது குட்டையா போச்சா?"

"ஜன்னலையும் இதுல அளந்தே, துணியையும் இதுல அளந்தே. ரெண்டும் சரியாப் போச்சு."

"நீ எதுல வெட்டினே?"

"இரும்புல."

"அப்ப அது உன் தப்பு. டேப் மேல பழி போடாதே" என்று காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். கண்ணும் மூடிக்கொண்டது.

பக்கவாட்டில் பிரித்து, அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை ஒட்டுத் துணி வைக்க வேண்டும். எவ்வளவு அகலம்? கணக்கில் வரும் நாற்பத்தொன்றரையை வைத்து வெட்ட மனம் வரவில்லை. மிச்சத் துணி கொஞ்சம்தான், இன்னொரு தடவை தவறினால் நாளைக்குப் பழுப்புப் புள்ளிதான். பார்சல் கட்டும் நூலை எடுத்து மார்பைச் சுற்றினேன். முதுகில் அது நழுவி இடுப்புக்கு வந்தது. மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் நழுவியது. குளியலறையில் டேப்பும் இப்படித்தான் நழுவியிருக்க வேண்டும்.

நூலைப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தேன். "கொஞ்சம் வர்றியா?"

எழுந்து வந்தாள். "கையைத் தூக்கு."

தூக்கினேன். டெய்லர் கடைக்குப் பிறகு யாரிடமும் இப்படி நின்றதில்லை. கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் போய் நூலை மேலே ஏற்றி, முன்னால் கொண்டு வந்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் அது அபூர்வம்.

"மூச்சை விடுக்கா. வயித்தை உள்ள இழுத்தா நாளைக்கு நேர்காணல் முழுக்க இழுத்துக்கிட்டேதான் உக்காரணும்."

மூச்சை விட்டேன். நூல் இன்னும் கொஞ்சம் நீண்டது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"நீயே பார்த்துக்க. நான் பார்க்கலை."

நூலைத் தரையில் நீட்டி இரும்புக்கோலை இரண்டு தடவை வைத்தேன். என்னிடம் பென்சில் இல்லை. அவள் பக்கத்தில் இருந்தது.

"எழுது" என்றேன். "நாற்பத்திரண்டு."

என் குரல் இயல்பாகத்தான் வந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தங்கை பேப்பரின் ஓரத்தில் எழுதினாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

மதியம் முழுவதும் பிரித்தேன். பழைய தையலில் பிளேடு நுழைத்து ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். இரண்டு தடவை தூங்கி விழுந்தேன். மிச்சத் துணியில் நேரான துண்டு கிடைக்கவில்லை. துண்டுகளை இணைத்துப் பக்கத்துக்கு ஒரு பட்டி தேற்றினேன். துணியில் அச்சிட்டிருந்த இலைகள் வலது பட்டியில் தலைகீழாக வந்தன.

"அந்தப் பக்கம் மட்டும் இலை உதிருது" என்றாள் தங்கை.

"கையை இறக்கி வச்சா தெரியாது."

"தூக்கினா?"

"தூக்க முடியும்."

வலது பக்கம் முடிந்திருந்தது. முதுகைச் சுவரில் ஒரு நிமிடம் அழுத்தி நிமிர்ந்துவிட்டு, இடது பக்கத்தை ஊசிக்குக் கீழே வைத்தேன்.