நாலு விரல் குறைந்த வளையம்

கல்லூரியின் கூடைப்பந்து அரங்குக்குள் இறங்க ஆறு படிகள். கடைசிப் படியில் இடறாதவர் யாருமில்லை. முதல்வர் இடறுவார், பரிசு கொடுக்க வரும் பெரிய மனிதர் இடறுவார், பயிற்சிக்கு ஓடிவரும் பிள்ளைகளில் தினம் இரண்டு பேராவது இடறுவார்கள். பத்தொன்பது வருடம் கழித்துப் பயிற்சியாளராகத் திரும்பி வந்த நெட்டையும் முதல் நாளே இடறினான். "இந்தப் படி இன்னும் திருந்தல" என்று சிரித்துக்கொண்டானே தவிர, ஏன் இடறுகிறது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

நெட்டை என்பது அவன் இங்கே படித்த காலத்தில் வைத்த பெயர். நாற்பது வயதில் தொப்பையும் சேர்ந்துவிட்டது, ஆனால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அரங்கின் சுவரில் அவன் படம் இன்னும் மாட்டியிருந்தது. கடைசி ஆண்டில் ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு புள்ளி எடுத்தவன். படத்துக்கு மேலே ஒரு பெரிய பலகை: 'சொந்தக் களத்தில் தோல்வியே காணாத அணி.' வெளிக்களத்தில் எத்தனை தோல்வி என்று எழுத இன்னொரு பலகை வேண்டும். அதை யாரும் செய்து மாட்டவில்லை.

அந்த நாற்பத்தொரு புள்ளிக்குப் பிறகு அவனைத் தேசிய அணித் தேர்வுக்கு அழைத்தார்கள். வேறொரு ஊர், வேறொரு அரங்கு. கோட்டில் நின்று பத்துப் பந்து எறிய வேண்டும். பத்தும் வளையத்தின் முன்விளிம்பில், ஒரே இடத்தில் பட்டு, அவன் கைக்கே திரும்பி வந்தன. தேர்வாளர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "பயப்படாம இருந்திருக்கலாம் தம்பி" என்றார். வீட்டில் அப்பா சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னார்: "கை நடுங்கிடுச்சு இவனுக்கு." நெட்டையும் அதை நம்பிவிட்டான். நெருக்கடி வந்தால் கை நடுங்குகிறவன் நான் என்று தனக்குத் தானே முத்திரை குத்திக்கொண்டு, ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராகப் பதினேழு வருடம் பெட்டிகளை எண்ணினான். பந்தைத் தொடவில்லை.

இப்போது வந்ததுகூட மனைவியின் நச்சரிப்பால்தான். வேலை தற்காலிகம். பெண்கள் அணி இந்த வருடம் லீக்கில் முதல் இடம் பிடித்தால் நிரந்தரம் என்று முதல்வர் வாய்விட்டே சொல்லியிருந்தார். கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அணி நன்றாகவே ஆடியது, சொந்தக் களத்தில். தலைவி ஒரு சின்னப் பெண், குருவி என்று கூப்பிடுவார்கள். இங்கே பத்துக்கு ஒன்பது போடுவாள். வெளிக்களம் போனால் பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். "எனக்குப் பயம் சார், அவ்ளோதான்" என்று ஒரு நாள் பேருந்தில் அழுதாள். நெட்டை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அது சொந்தக் களத்தில்தான். ஜெயித்தால் முதல் இடம். அதற்கு மறுநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை, குருவிக்குத் தேசிய அணித் தேர்வு.

அன்று மாலை அவன் மனைவி அவனை அழைத்துப் போக வந்தாள். அவள் கட்டுமானத் தளத்தில் பொறியாளர். தலைக்கவசம்கூடக் கையிலேயே இருந்தது. கடைசிப் படியில் அவளும் இடறினாள். மற்றவர்கள் படியைத் திட்டிவிட்டுப் போவார்கள். இவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"மத்த அஞ்சு படியும் பதினாறு சென்டி. இது மட்டும் எட்டு."

"எட்டா இருந்தா என்ன? வா, போகலாம்."

"இருங்க. பழைய தரையை உடைக்காம அதுமேலயே புதுசா ஊத்தியிருக்கான் எவனோ சோம்பேறி." அவள் பார்வை வளையம் மாட்டிய இரும்புக் கம்பத்துக்குப் போனது. "அந்தக் கம்பத்தோட அடித்தகடு எங்க? போல்ட் எங்க? எல்லாம் சிமெண்ட்டுக்குள்ள போயிடுச்சு பாருங்க. எப்ப போட்ட தரை இது?"

அவன் இங்கே முதலாண்டு படித்தபோது விடுமுறையில் போடப்பட்ட தரை. திரும்பி வந்தபோது வழவழவென்று இருந்ததும், எல்லாரும் கைதட்டியதும் அவனுக்கு நினைவு வந்தது. அந்த வருடத்திலிருந்துதான் அவன் பந்து விழ ஆரம்பித்தது.

ஏணி கொண்டுவந்து அளந்தார்கள். வளையம் தரையிலிருந்து மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தொண்ணூற்றேழுதான் இருந்தது. எதிர்ப்பக்க வளையமும் அதே. நடுவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கம்பம் குட்டையாகிவிட்டதா என்று யார் பார்ப்பார்கள்? எட்டு சென்டிமீட்டர், நாலு விரல். அதற்குப் பழகிய கை, சரியான வளையத்தில் எறிந்தால் பந்து முன்விளிம்பில்தான் படும். சரியான வளையத்துக்குப் பழகி இங்கே வருகிறவர்களுக்குப் பந்து தாண்டிப்போய்ப் பின்விளிம்பில் படும்.

நெட்டை ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு, ஓய்வுபெற்ற தன் பழைய பயிற்சியாளருக்குப் போன் போட்டான்.

"தெரியும்டா" என்றார் அவர், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில். "நீ தேர்வுல தோத்துட்டு வந்த அடுத்த வாரமே அளந்து பார்த்தேன்."

"ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வளையத்தை ஏத்தணும்டா. சொந்தக் களத்துல ஜெயிச்சாத்தான என்னை வச்சிருந்தாங்க? எனக்கும் ரெண்டு பொண்ணு. உனக்கும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்குல்ல? அவசரப்படாதே."

நெட்டை போனை வைத்தான். அவனுக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழவரின் கழுத்தைப் பிடித்திருப்பான். அதைவிடக் கேவலம், அவர் கடைசியாகச் சொன்னதை அவன் மனம் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை நிரந்தரம். அதன் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு நாள் படுக்கையில் புரண்டான். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறை மட்டும், "கிடங்குக்காரங்க திரும்ப எடுத்துப்பாங்களா?" என்றாள். "எடுத்துப்பாங்க" என்றான்.

திங்கட்கிழமை காலை கல்லூரியின் ஃபிட்டர் இரண்டு வளையங்களையும் பலகையோடு கழற்றி, கம்பத்தில் எட்டு சென்டிமீட்டர் மேலே புதுத் துளை போட்டு மாட்டினார். அணி நின்று வேடிக்கை பார்த்தது. நெட்டை விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். பெண்கள் கொதித்துப் போனார்கள்.

"சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் ஏத்தக் கூடாதா சார்?" என்றாள் ஒருத்தி.

"திங்கட்கிழமை குருவிக்குத் தேர்வு. கை மாற அஞ்சு நாளாவது வேணும்."

குருவிக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்காக எல்லாரும் தோக்கணுமா? வேணாம் சார். இறக்கச் சொல்லுங்க."

"உனக்காக மட்டும் இல்லம்மா. இருபது வருஷத்துக்கு மேல இங்க வந்து தோத்த பிள்ளைங்களும் வீட்டுக்குப் போய், எனக்குப் பயம்னு அழுதிருக்கும். அதுங்ககிட்ட யாரு போய் சொல்றது?"

முதலில் கேட்டவளே போய்ப் பந்தை எடுத்தாள். அந்த ஐந்து நாளும் அரங்கில் முன்விளிம்பில் பந்து மோதும் சத்தம்தான். வெள்ளிக்கிழமை அது கொஞ்சம் குறைந்திருந்தது.

சனிக்கிழமை வந்த அணி வழக்கம்போல இங்கே தோற்றுவிட்டுப் போகும் முகத்தோடுதான் வந்தது. பந்து விழ விழ அவர்களுக்கே ஆச்சரியம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டையின் அணி மூச்சைப் பிடித்து ஆடி நான்கு புள்ளியில் தோற்றது. முதல்வர் அவன் சொன்ன விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா, இதைப் போன வாரமே என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். மறுநாள் ஃபிட்டரை விட்டு, சுவரில் இருந்த 'தோல்வியே காணாத அணி' பலகையைக் கழற்றச் சொன்னார். நிரந்தர உத்தரவைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை. மாதக் கடைசியோடு தற்காலிகமும் முடிகிறது.

திங்கட்கிழமை நெட்டை தேர்வு நடந்த அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். குருவி கோட்டில் நின்றாள். முதல் பந்து முன்விளிம்பில் பட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்தது விழுந்த சத்தம் கேட்டுத்தான் திறந்தான். பத்துக்கு ஏழு. பெயர்ப் பட்டியலில் நான்காவதாக அவள் பெயரைப் படித்தார்கள். அவள் ஓடிவந்து, "ஏழு சார், ஏழு!" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க எறிஞ்ச பத்தும் எங்க பட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"முன்விளிம்புல. எத்தனை தடவை சொல்றது?"

"பத்துமா? ஒரே இடத்துலயா?"

"ஒரே இடத்துலதான். தேர்வாளர்கூட அதைச் சொல்லிச் சிரிச்சார்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். தளத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் கொண்டுவந்தவனைப் பார்ப்பது போல.

"ஏங்க, நடுங்குற கை பத்துப் பந்தையும் ஒரே இடத்துல அடிக்குமா?"

அப்பா இல்லை இதைக் கேட்க. நெட்டை மேசைமேல் வைத்திருந்த தன் வலது கையைப் பார்த்தான். இப்போதுதான் அது நடுங்கியது.