மூன்றாவது கையெழுத்து

மருந்துப் புட்டிகளில் ஒட்டும் லேபிள்களைப் பிழை பார்ப்பது எங்கள் வேலை. அச்சுக்குப் போகுமுன் மூவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். முதலாமவர் இரண்டாமவரை நம்புவார். இரண்டாமவர் மூன்றாமவரை நம்புவார். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அன்று பிற்பகல், அச்சாகி வந்த மாதிரி ஒன்றைப் பார்த்தேன். குழந்தைகளுக்கான இருமல் மருந்து. 2.5 மில்லி என்பதில் புள்ளியைக் காணோம். இருபத்தைந்து மில்லி. ஒப்புதல் தாளில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது. நான்கு மணிக்குச் சரக்கு வண்டி கிளம்பும்.

எங்கள் பழைய மேற்பார்வையாளருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பிழை விட்டவரை எழுப்பி நிறுத்தி, அந்தப் பிழையை எல்லோருக்கும் கேட்கும்படி மூன்று முறை படிக்க வைப்பார். அவர் மாற்றலாகி ஆறு வாரங்கள் ஆகின்றன. புதிதாக வந்த அம்மையார் தம் அறைக் கதவைத் திறந்தே வைத்தார். தப்பு நடந்தால் உடனே சொல்லலாம், யாரையும் ஒன்றும் செய்யமாட்டேன் என்றார். அந்த ஆறு வாரங்களில் ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

பக்கத்து மேசை அக்காவிடம் லேபிளைக் காட்டினேன்.

"நீ பாக்கல. நானும் பாக்கல," என்றார். "மூணு கையெழுத்துல யாரைன்னு புடிப்பாங்க?"

"குழந்தைங்க மருந்து, அக்கா."

"அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுக்குற ரகம்டீ. கதவைத் தொறந்து வச்சிருக்கறதே யாரு யாரோட பேசுறாங்கன்னு பாக்கத்தான்."

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சொன்னேன். புதிய மேற்பார்வையாளர் தொலைபேசியில் வண்டியை நிறுத்தினார். பிறகு ஒரு தாளில் எழுதத் தொடங்கினார்.

"என் பேரு போடுறீங்களா மேடம்?"

"கண்டுபிடிச்சது நீங்கதானே? உக்காருங்க."

அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. "விசாரணையா மேடம்?"

"தண்ணி குடிக்கிறீங்களா?"

கேட்ட கேள்விக்கு இது விடையன்று. குடிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை லேபிள் பாக்குறீங்க?"

"நூத்தி இருபது."

"ஒழுங்காப் பாத்தா எத்தனை முடியும்?"

பதினோரு ஆண்டுகளில் இதை யாரும் கேட்டதில்லை. அறுபது என்பது உண்மை. சோம்பேறி என்று குறித்துக்கொள்வாரோ என்ற ஐயத்தில் பத்தைக் கூட்டி, "எழுபது," என்றேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு மேசையிலும் எழுபது தாள்களே இருந்தன.

"ஆளைக் குறைக்கப் போறாங்க, பாரு," என்றார் அக்கா. நண்பகலில் உதடசையாமல் சொன்னார்: "போன மாசம் என் லேபிள் ஒண்ணு... காலாவதி வருஷம் தப்பு. சரக்கு இன்னும் கிடங்குலதான் இருக்கு. ஒரு வாரம் பாக்குறேன். உனக்கு வேலை இருந்துச்சுன்னா நானும் சொல்லிடுறேன்."

என் வாயைக் கிளற இவரை யாரேனும் அனுப்பியிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அதற்காக வெட்கப்படச் சற்று நேரம் பிடித்தது.

"ஒரு வாரத்துல வண்டி ஆறு தடவ போகும்க்கா. எழுந்திரிங்க."

"நீ முன்னாடி போ."

முன்னால் நடந்தேன், அவர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.