இலை பார்க்காத கண்

1969-இல் பூமிநாதனுக்குத் திமிர் பிடித்துவிட்டதென்று நேமத்தான்பட்டி ஒருமனதாக முடிவு செய்தது. சாட்சிக்குப் பஞ்சமில்லை. காலில் விழுந்த தம்பி மகனைப் பார்க்காமல் தாண்டிப் போனார். வாசலில் காயப்போட்ட நெல்லை மிதித்து நடந்தார். மனுசன் கீழே பார்ப்பதே இல்லை.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. மகள் முத்தழகுக்குப் பரிசம் போட்ட அன்றுதான் வினை. பெண்ணைப் பெற்றவர் பந்தியில் நடந்து, இலை இலையாகப் பார்த்து, என்ன வேண்டுமென்று கேட்க வேண்டும். பூமிநாதன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே போய்விட்டார். மாப்பிள்ளையின் அப்பா கோட்டைச்சாமியின் இலைக்குப் பாயசம் வரவில்லை. அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"என் எலையைப் பாக்க மச்சானுக்கு மனசில்ல. மனசு வந்ததும் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

குன்றக்குடிக்காரர் கோட்டைச்சாமி வேறு யாருமில்லை, பூமிநாதன் மனைவி நாகம்மையின் கூடப்பிறந்த அண்ணன். அதனால் கோபம் இரண்டு பங்கு.

வீட்டில் பூமிநாதன் சொன்னார்: "எனக்கு எலை எங்க தெரிஞ்சுச்சு? கீழ பாக்கணும்னுதான் நெனைக்கிறேன். கண்ணு போக மாட்டேங்குது."

"மூணு மாசமா இதச் சொல்லாம எப்படி இருந்தீக? வாயும் அசையாமப் போச்சா?" என்றாள் நாகம்மை.

மதுரை டாக்டரிடம் போகையில் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனாள். நடிப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற உற்சாகத்தில் கோட்டைச்சாமி பஸ்ஸில் சன்னலோரமாக உட்கார்ந்து வந்தார்.

டாக்டர் ஒரு விரலை நீட்டினார். விரல் மேலே போனது, கண்ணும் போனது. விரல் கீழே இறங்கியது, கண் நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தியாத்தா, டாக்டரையும் மதிக்கல," என்றார் கோட்டைச்சாமி தங்கையிடம்.

"ஐயா, நீங்களே முன்னால வாங்க. உங்க மூக்கையே பார்க்கச் சொல்லுங்க. இப்ப அவர் மோவாயை மெதுவா மேல தூக்குங்க."

தூக்கினார். மச்சான் முகம் அண்ணாந்தது. கருவிழிகள் அவர் மூக்கை விடாமல் பிடித்துக்கொண்டு கீழே இறங்கின.

"இப்ப மட்டும் எப்படி எறங்குது?"

"கண்ணு நல்லாருக்கு. பார்த்தது மூளைக்கும் போகுது. 'கீழ திரும்பு'ன்னு மூளை போடுற உத்தரவுதான் கண்ணுக்கு வந்து சேரல. தலை அசைஞ்சா, காதுக்குள்ள இருக்கிற ஒரு உறுப்பு கண்ணுக்குத் தகவல் சொல்லும். அது வேற பாதை. அதுல அடைப்பு இல்ல."

"அதாவது, பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டாரு. காகிதம் நடுவுல எங்கனயோ தூங்குது."

கோட்டைச்சாமி நாலு வருசமாகப் பட்டாவுக்கு அலைகிறவர். நரம்பு சமாச்சாரம் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மருந்து?" என்றாள் நாகம்மை.

"இதுக்கு இல்லம்மா. கீழ பார்க்கணும்னா உடம்போட குனியட்டும். தடுமாறுவார், ஒரு ஆள் பிடிச்சுக்கணும்."

வைகாசியில் கல்யாணம். பந்தியில் பூமிநாதன் ஒவ்வொரு இலைக்கும் இடுப்பு மடியக் குனிந்தார். அவர் சாம்பாரில் விழாமலிருக்க, நாகம்மை பின்னாலேயே இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னா பணிவு பாருங்க," என்றது ஊர். திமிரைக் கண்டுபிடித்த அதே ஊர்தான்.

கோட்டைச்சாமியின் இலை வந்தது. பூமிநாதன் குனிந்த வேகத்தில் மூக்கு அப்பளத்தில் இடித்தது.

"போதும் மச்சான், எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாக."

பூமிநாதன் நிமிரவில்லை. இலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தலையை நகர்த்தித் தேடினார்.

"இருங்க மச்சான். ஒங்களுக்கு இன்னம் பாயசம் வரலையே?"