நாலு பேடும் ஒரே பேசினில்

பதினாலு வருஷம் செங்கல் சுமந்தாயிற்று. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு டிரைவர் வேலை; நடக்க முடியாதவர்களை மருத்துவமனைக்கு ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு என் பழைய கார் பரிசோதனையில் தேறிய தாள் வேண்டும். பரிசோதனை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அதை விட்டால் ஒரு மாதம் ஆகும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். காரோ, பிரேக்கை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. முன் சக்கரத்துப் பிரேக் பேடெல்லாம் தேய்ந்து தகடாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தானே மாற்றிவிடுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். போனில் மூன்று வீடியோ பார்த்திருந்தார். டயர் கடையில் வேலை செய்யும் அவர் தங்கச்சி, கம்பி முறுக்குகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே ஸ்பானர் பையோடு வந்து இறங்கினாள். சின்ன வயசிலிருந்தே இரண்டு பேரும் அப்படித்தான். சோறு தின்பதிலும் போட்டி.

"இடது எனக்கு, வலது உனக்கு. யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு பாத்துருவோம்ணே."

பின் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். அப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை. இவர் போல்ட்டோடு மல்லுக்கட்ட, அவள் இரும்புக்குழாயை ஸ்பானரில் செருகி ஒரே மிதியில் கழற்றிவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தாள். கழற்றியதை எல்லாம் என் பக்கம் வீசினார்கள். துணி ஊறவைக்கிற பேசின்தான் அகப்பட்டது. அரைமணியில் நாலு பழைய பேடும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன.

புதுப் பெட்டியைப் பிரித்தபோதுதான் வினை. நாலில் இரண்டு பேடில் சின்ன நாக்கு போல ஒரு தகடு இருந்தது. பேடு தேய்ந்தால், அது கவ்விப் பிடிக்கிற சக்கரத்து டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கு. அது சக்கரத்துக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா? இவர் வெளியே என்றார். அவள் உள்ளே என்றாள். பிறகு இவருக்குச் சந்தேகம் வந்து உள்ளே என்றதும், அவள் வெளியே என்றாள். ஒரு பக்கத்தைக் கழற்றாமல் விட்டிருந்தால் பார்த்து மாட்டியிருக்கலாம். போட்டியில் இரண்டையும் பிரித்தாயிற்று. வீடியோவில் இருந்தது வேறு கார். அவள் முதலாளி போனை எடுக்கவில்லை.

மணி பன்னிரண்டரை. இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக எதற்குக் கலந்தாய் என்று என்மேல் பாய்ந்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

பேசினை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சட்டியில் கல் சுமக்கிறவளுக்கு ஒன்று தெரியும். சும்மாட்டைத் திருப்பிப் பார்த்தால் சட்டி எந்தப் பக்கம் உட்கார்ந்தது என்று வட்டத் தழும்பு சொல்லும். பழைய பேடுகளின் முதுகைப் பார்த்தேன். அவற்றிலும் இரண்டில்தான் நாக்கு; அந்த இரண்டிலும் ஒரு வட்டம் பதிந்திருந்தது. மற்ற இரண்டில் இல்லை. பிரேக்கை மிதித்தால் பேடை வட்டமாக அழுத்துவது பிஸ்டன் ஒன்றுதான். அது இருப்பது உள்பக்கம்.

"நாக்கு உள்ள போவணும்."

நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். பிஸ்டன் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணிக்கு இருக்கிற மூளை உனக்கு இல்லண்ணே."

"நானும் அதத்தானே முதல்ல சொன்னேன்" என்றார் இவர், கூசாமல்.

இனி நீங்கள் எடுபிடி என்று சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, காரில் ஏறி மிதித்தால் பிரேக் பெடல் அடிவரைக்கும் போனது. பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொடுகிறவரை மிதிக்கச் சொன்னாள் நாத்தனார். எட்டாவது மிதியில் கல்லு மாதிரி நின்றது.

பரிசோதகர் வயசாளி. காரைத் தானே ஓட்டிப்போய் ஒரு மிதி மிதித்தார். பின்சீட்டில் வீம்புக்கு ஏறியிருந்த இரண்டு பேரின் தலையும் முன்சீட்டில் முட்டின. பேடு புதுசு போல, யார் மாட்டியது என்று கேட்டார்.

"நான்தான்" என்று பின்னாலிருந்து இரண்டு குரல்.

"அவங்க கழட்டுனாங்க சார். மாட்டுனது நான்."

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. தாளில் முத்திரை குத்தி என்னிடமே நீட்டினார்.

வெளியே வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை கல் சுமக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை நாள் லீவு என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில், பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.